விற்பதற்குக் கட்டிய பாத்ரூம்கள்

எங்கள் வீட்டைப் பார்க்க வந்த புரோக்கர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஹாலில் நின்று அண்ணாந்து ஒரு பார்வை, சமையலறைக்குள் தலையை நீட்டி ஒரு பார்வை, பின்வாசலில் நின்று கொல்லைக் கடைசியில் இருந்த கக்கூஸை ஒரு பார்வை. அவ்வளவுதான். முகத்தைச் சுளித்துக்கொண்டு என் அண்ணனிடம் சொன்னார்: "ஒரு பெட்ரூம். பாத்ரூம் வெளிய. கஷ்டம்ணே. இதெல்லாம் இப்ப எவனும் வாங்க மாட்டான்."

அய்யா காலமெல்லாம் கடலில் கிடந்து கட்டிய வீடு அந்த மனிதரின் வாயில் இரண்டு வார்த்தையில் முடிந்துபோனது. எனக்கு எரிச்சலாக வந்தது. அதைவிட எரிச்சல், அண்ணன் அவருக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றது. பிறந்த வீட்டைப் பற்றி ஒருவன் முகம் சுளிக்கிறான், இவன் என்னவோ தன் தப்பைப் போல நெளிகிறான்.

வீடு ராமேஸ்வரம் தீவில், பாம்பனுக்கும் கோயிலுக்கும் நடுவில் ரோட்டை ஒட்டி இருக்கிறது. மீன் நன்றாகப் பட்ட வருஷத்தில் ஒரு சுவர், படாத வருஷத்தில் வெறும் அஸ்திவாரம் என்று அய்யா கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பியது. அதனால் அதற்கு ஒரு வடிவம் கிடையாது. ஒரு படுக்கையறை, வலை போட்டுவைக்க ஒரு அறை, சமையலறை, பிறகு பள்ளிக்கூடத்து வகுப்பறை போல ஒரு பெரிய ஹால். மழைக்காலத்தில் வலையை விரித்துக் கிழிசலைப் பொத்துவதற்கு இடம் வேண்டும் என்று ஹாலை அவ்வளவு பெரிதாகப் போட்டார். மாதா கோயில் அன்பியக் கூட்டம், ஜெபமாலை, கல்யாணப் பேச்சு, சாவு எல்லாம் அந்த ஹாலில்தான். கக்கூஸ் மட்டும் கொல்லையின் கடைசியில், வேலி ஓரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு நின்றது.

அதை வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லி அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். முட்டி தேய்ந்துபோன பிறகு அந்த மணலில் நடப்பது அவளுக்குப் பெரும்பாடு. மணல் காலை உள்ளே இழுக்கும். மழைக்காலத்தில் கொல்லையில் தண்ணீர் நிற்கும். அய்யாவிடம் கேட்டாள். "சாமி பீடம் இருக்குற வீட்டுக்குள்ள கக்கூஸா? சோறு எறங்குமா?" என்றார். அவர் அந்தக் காலத்து ஆள், போகட்டும். அண்ணனிடம் கேட்டாள். "சீ, அசிங்கம்மா. வீடெல்லாம் நாறும்" என்றான். சொன்னவன் ராமநாதபுரத்தில் தனக்கு வீடு கட்டியபோது அறைக்கு ஒன்று வைத்துத்தான் கட்டினான். "அங்கன மட்டும் நாறாதா?" என்று நான் கேட்டேன். "அது டவுனு பிள்ள" என்றான். டவுனில் பீ மணக்கும் போல.

கடைசியில் அய்யா தன்னால் முடிந்த ஒரு வசதியைச் செய்து கொடுத்தார். சமையலறைத் தூணிலிருந்து கக்கூஸ் கதவு வரைக்கும் பழைய வலைக் கயிறு ஒன்றை இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டினார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டே போவாள், பிடித்துக்கொண்டே வருவாள். கரையில் படகை இழுக்கிற மாதிரி தன்னையே இழுத்துக்கொண்டு போவாள். அதுவும் முடியாத நாளில் அவள் கண்டுபிடித்த வைத்தியம், தண்ணீர் குடிக்காமல் இருப்பது. மதியத்துக்கு மேல் ஒரு வாய் குடிக்க மாட்டாள். அதனால் நீர்க்கடுப்பு, அதனால் காய்ச்சல், அதனால் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா, "நல்லாத் தண்ணி குடிங்க" என்று சொன்னால், "குடிச்சா போகணும்ல டாக்டர்" என்பாள். டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அய்யா போன பிறகு வீட்டை விற்பது என்று முடிவானது. இதில் அம்மாவுக்குத் துளி வருத்தமும் கிடையாது. நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிற பாத்ரூமுக்குள் போய் அம்மா வெளியே வரவே மாட்டாள். என் வீட்டுக்காரர் ஆபீஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் தவிப்பார். "வித்துட்டு ஒன்னோட வந்துர்றேன் பிள்ள. எனக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய வீடு" என்று சந்தோஷமாகத்தான் சொன்னாள். நானும் அதை நம்பித்தான் சம்மதித்தேன்.

புரோக்கர் முகம் சுளித்துவிட்டுப் போன பிறகு அண்ணனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் அதே பேச்சுதான். "இப்ப சென்ட்டு பாத்து எவனும் வாங்குறதில்ல. எத்தன பெட்ரூம், எத்தன அட்டாச்சுடு, அதான் கேக்குறான்." ராமேஸ்வரத்தில் வீடு வாங்க வருகிறவர்கள் குடியிருக்க வருவதில்லை, யாத்திரைக்காரர்களுக்கு வாடகைக்கு விடத்தான் வாங்குகிறார்கள். கடலில் முங்கி, கோயிலுக்குள் தீர்த்தம் தீர்த்தமாக நனைந்து, ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு வருகிற கூட்டம். அவர்களுக்கு அறைக்கு அறை பாத்ரூம் வேண்டும். ஆகவே ஒரு பாத்ரூம் கூடினால் ஒரு படி விலை கூடும், ஒரு பெட்ரூம் கூடினால் இன்னொரு படி. இதுதான் அண்ணனின் சித்தாந்தம். இந்தத் தீவில் டீக்கடையில் உட்கார்ந்தால் யார் வேண்டுமானாலும் இதைச் சொல்லித் தருவார்கள். அண்ணன் அதை என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி பேசினான்.

கொத்தனார் வந்தார். வலை அறை ஒரு பெட்ரூம் ஆனது. ஹாலின் நடுவில் சுவர் எழும்பி இன்னொரு பெட்ரூம் ஆனது. மூன்று பெட்ரூமுக்கும் ஒவ்வொரு மூலையை வெட்டி ஒவ்வொரு பாத்ரூம். ஹால் என்று மிஞ்சியது நான்கு நாற்காலி போட்டால் முழங்கால் இடிக்கும் சந்து. பீடம் இருந்த சுவரில்தான் குழாய் போகவேண்டும் என்றார்கள். சேசுவின் இருதயப் படமும் மாதா சுரூபமும் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு மேல் ஏறின. சாமி இருக்கிற வீட்டுக்குள் கக்கூஸ் வந்தால் சோறு இறங்காது என்று பேசிய பரம்பரை, சாமியைத் தூக்கிச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அந்தச் சுவரில் கமோடு வைத்தது. ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. அண்ணன் மட்டும், "வாங்குறவங்க வேற ஆளுங்க, பீடம் முன்னால தெரியாம இருந்தா நல்லதுதான்" என்றான். விலை கூடுகிறது என்றால் மனிதருக்கு எதுவும் அசிங்கமில்லை.

டைல்ஸில் டால்பின் படம் போட்டிருந்தான். கடலிலேயே பிறந்து கடலிலேயே செத்தவர் வீட்டில், கடையில் வாங்கி ஒட்டிய டால்பின்! மூன்று பாத்ரூமிலும் அது துள்ளிக்கொண்டிருந்தது. வெஸ்டர்ன் கமோடு, பக்கத்தில் பைப், பளபளக்கிற குழாய், சுடுதண்ணீர் ஹீட்டர். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது. அம்மா ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று பார்த்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்துச் சுவரில் கை ஊன்றி எழுந்திருக்க முடியுமா என்று பார்த்தாள்.

வேலை முடிந்த அன்று அண்ணன் மூன்று பாத்ரூம் கதவுக்கும் பூட்டுப் போட்டான். கமோடு மூடியில் சுற்றி வந்த பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏறிவிட்டான்.

இதை அம்மா எனக்குப் போனில் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். நான் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"என்னண்ணே, அம்மாவுக்குப் பூட்டா?"

"இங்கன தண்ணி உப்பு பிள்ள. ஒரு தடவ போனாலே மஞ்சக்கற பிடிச்சிரும். அப்புறம் பாக்க வர்றவன் பழசுன்னு சொல்லிருவான்."

"உள்ள மூணு கக்கூஸ் இருக்கு. பெத்தவ மணலுக்குள்ள நடந்து போறா. ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"கொஞ்ச நாளுதான. வித்துட்டா ஒன் வீட்டுலதான இருக்கப் போகுது. அங்கன நல்லா போகட்டும்."

அவன் குரலில் ஒரு குற்ற உணர்ச்சி இருந்திருந்தால்கூட நான் இவ்வளவு ஆத்திரப்பட்டிருக்க மாட்டேன். பெட்ரோல் விலை பேசுகிற மாதிரி பேசினான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

உடனே புறப்பட்டு என்னோடு வந்துவிடு என்று அம்மாவிடம் சொன்னேன். வரமாட்டேன் என்றாள். பூட்டிக் கிடந்தால் வீடு விலை போகாது, கூட்டிப் பெருக்கி, வருகிறவர்களுக்குத் திறந்து காட்ட ஆள் வேண்டும் என்று மகன் சொல்லியிருக்கிறான். சம்பளமில்லாத வாட்ச்மேன் ஒருத்தி அவனுக்குத் தேவைப்பட்டது. அம்மாவிடம் வீட்டுச் சாவி உண்டு, பெட்ரூம் சாவி உண்டு, பாத்ரூம் சாவி மட்டும் கிடையாது. இதில் கொடுமை என்னவென்றால், அவள் தெருவெல்லாம் பெருமை பேசினாள். "என் மகன் மூணு பாத்ரூம் கட்டிருக்கான், டால்பின் படமெல்லாம் போட்டு" என்று பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிவந்து கதவுக்கு வெளியே நின்றபடியே கதை சொன்னாளாம். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. பெற்ற பாசம் என்று எவன் பெயர் வைத்தானோ தெரியாது, சில நேரம் அது பார்க்கச் சகிக்காது.

அடுத்த தடவை புரோக்கர் வந்தபோது வீட்டைப் பார்த்துப் பூரித்துப்போனார். "இப்பதான்ணே இது வீடு" என்றார். பிறகு பின்வாசலுக்குப் போய் அந்தக் கயிற்றைப் பார்த்தார். "இது என்னண்ணே, துணி காயப்போடவா? அசிங்கமா இருக்கு. எடுத்துருங்க. ஆனா அந்த வெளிக் கக்கூஸ இடிக்காதீங்க. அதையும் சேத்து நாலு பாத்ரூம்னு சொல்லலாம்." அண்ணன் அப்போதே அரிவாளை எடுத்துக் கயிற்றை வெட்டி உருட்டி வைத்தான்.

அந்த வாரமே அம்மா மணலில் விழுந்தாள். பெரிய அடி இல்லை. முழங்கை சிராய்ப்பு, இடுப்பில் வீக்கம். நான் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சும்மா தடுக்கிருச்சு பிள்ள" என்றாள். கயிற்றைத் திரும்பக் கட்டட்டுமா என்று கேட்டேன். "வேணாம், பாக்க வர்றவங்க வரும்போது கண்ண உறுத்தும்" என்றாள். புரோக்கரின் வார்த்தை அவள் வாயிலிருந்தே வந்தது. நான் எழுந்து போய் அந்த மூன்று பூட்டையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். நல்ல பூட்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மிக்கல்லைத் தேடினேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். விட்டுவிட்டேன்.

பார்க்க வந்தவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு தடவையும் அண்ணன் சாவியோடு வந்து பாத்ரூமைத் திறந்து காட்டினான். வந்தவன் எல்லாம் முதல் காரியமாக ஃப்ளஷை அழுத்தினான். வீட்டுச் சுவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பாத்ரூமாகப் போய் ஃப்ளஷை அழுத்தித் தண்ணீர் சுழல்வதைக் கோயில் தீர்த்தம் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். நான் போயிருந்த ஒரு நாள், காரில் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சுற்றிப் பார்த்து முடித்த பிறகு அந்த வீட்டு அம்மாள் கொஞ்சம் தயங்கி, "ரொம்ப நேரமா வண்டில வந்தோம். ஒரு நிமிஷம் பாத்ரூம்..." என்று இழுத்தார்.

"அட, தாராளமா போங்கக்கா! உங்க வீடுன்னு நெனச்சுக்கங்க" என்று அண்ணன் பாய்ந்து போய் முதல் பாத்ரூமில் பிளாஸ்டிக்கைக் கிழித்தான். அம்மாவிடம், "ஒரு நல்ல துண்டு எடுத்துட்டு வா" என்று விரட்டினான். அம்மா பீரோவிலிருந்து புதுத் துண்டு எடுத்துக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம். வெளியே முட்டி வீங்கிய பெண்மணி துண்டோடு நிற்கிறாள், யாரோ ஒருத்தி வந்து கை துடைப்பதற்கு. பாவம், அந்த வந்த அம்மாள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் அந்த நிமிஷம் என் அண்ணன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அவர்கள் போன பிறகு, "இப்ப மஞ்சக்கற பிடிக்காதா?" என்று கேட்டேன்.

"கஸ்டமர் வேற, வீட்டாளு வேற. சும்மா நொய்நொய்ங்காத" என்றான்.

அவர்களும் வாங்கவில்லை. கடைசியாக வந்தவர் யாத்திரைக்காரர்களுக்கு வேன் விடுகிற ஒருவர். ரொம்ப நாளாக இந்தத் தொழிலில் இருக்கிறவர். அவர் ஃப்ளஷை அழுத்தவில்லை. வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டு, "ஹால் எங்க?" என்றார். அண்ணன் அந்தச் சந்தைக் காட்டினான். அவர் சிரித்துவிட்டார்.

"என்ன தம்பி இப்பிடிப் பண்ணிட்டீங்க. வர்றது வேன் வேனா கூட்டம். பாய விரிச்சு ஒண்ணா ஹால்லதான் படுப்பாங்க. இந்தப் பெட்டிக்குள்ள ஒரு கட்டில் போட்டா கதவு தெறக்காது. பாத்ரூம் வேணுந்தான், ஆனா அது பின்னால வரிசையா இருக்கணும். நடு ஹால்ல வெச்சா எவன் படுப்பான்?" பிறகு சுவரைத் தட்டினார். "இதுக்கு முன்னால பெரிய ஹாலா இருந்துச்சுன்னு சொன்னாங்களே. அப்பிடியே இருந்திருந்தா நான் வேற வெல சொல்லிருப்பேன். இப்ப எல்லாத்தையும் இடிச்சாகணும். எனக்கு எடம் மட்டும் போதும்."

அண்ணனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. விலையில் என் பங்கும்தான் குறைகிறது, இருந்தும் சந்தோஷம். வேறு யாரும் வராததால் அவருக்கே பேசி முடித்து அட்வான்ஸ் வாங்கினான். கிறிஸ்துமஸ் கழித்துத்தான் பத்திரம், அதுவரை வீடு எங்கள் கையில். அதாவது மழைக்காலம் முழுக்க அம்மா அங்கேதான். இந்த ஊரில் தன் கடைசி கிறிஸ்துமஸை மாதா கோயிலில்தான் பார்ப்பேன் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். இனி பூட்டு எதற்கு, எப்படியும் இடிக்கிற வீடுதானே, அம்மா நிம்மதியாகப் போகலாம் என்று நான் நினைத்தேன். என் அண்ணனை எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அட்வான்ஸ் வாங்கிய சில நாளில் அவன் ஒரு குட்டியானை வண்டியும் பிளம்பரும் கூட்டிக்கொண்டு வந்தான். நான் அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கப் போயிருந்தேன். "இடிக்கிறவன் கமோட என்ன பண்ணப் போறான்? புதுசுதான, தெரிஞ்ச கடக்காரன் எடுத்துக்குறேன்னுருக்கான்" என்றான். பிளம்பர் ஸ்பேனரோடு முதல் பாத்ரூமுக்குள் போனார்.

"அண்ணே, மழ தொடங்கப் போகுது. ஒண்ண மட்டும் அம்மாவுக்கு விடு" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

"வெளிய ஒண்ணு இருக்குல்ல? இத்தன வருஷம் அதுலதான போச்சு!"

முதல் கமோடு வெளியே வந்து வண்டியில் ஏறியது. தரையில் ஓட்டை, அதில் ஒரு சிமெண்ட் சாக்கைத் திணித்தார்கள். பிளம்பர் இரண்டாவதுக்குப் போனார். மூன்றாவது பாத்ரூமின் கதவு திறந்து கிடந்தது. அம்மா நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். சமையலறைக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் மூன்றாவது பாத்ரூமுக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா! என்ன பண்ற? ஏம்மா!" அண்ணன் கதவைத் தட்டினான். பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் மறுபடி தட்டினான். நான் அவன் கையைப் பிடித்துத் தள்ளினேன். அம்மா நிதானமாக உள்ளே இருந்தாள். பிளம்பர் இரண்டாவது கமோடைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு வண்டிக்குப் போனார்.

கதவு திறந்தது. அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். ஃப்ளஷை அவள் அழுத்தவில்லை. நாற்றம் அவளுக்குப் பின்னாலேயே வந்தது.

"நான் போயிட்டேன்" என்றாள்.

பிளம்பர் வாசலிலேயே நின்றுவிட்டார். "கழுவிக் குடுத்தீங்கன்னா கழட்டுறேன்ணே. இப்பிடியே என்னால கை வெக்க முடியாது."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அசையவில்லை. பிறகு, இதை எழுதவே எனக்குக் கூசுகிறது, அவன் அம்மாவைப் பார்த்தான். "அம்மா, நீயே கொஞ்சம் கழுவி விட்டுரும்மா."

அம்மா நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"ஒன்னைக் கழுவுனதோட சரிலே. இத நீ கழுவு."

அவன் பாத்ரூம் வாசல் வரைக்கும் போனான். எட்டிப் பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தான். இரண்டை மட்டும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிப் போனது.